விருந்துக்குப் போன மீன்

பிள்ளைகளே, வெள்ளவத்தையில் நாங்கள் முதலில் குடியிருந்த அனெக்ஸை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம். ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் நாலடி விறாந்தை, அவ்வளவுதான். ஒழுங்கையால் நேரே இறங்கி ரயில் பாதையைக் கடந்தால் கடல். உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கலியாணம் முடிந்து அது நாலாவது வருடம். நீங்கள் ஒருவரும் அப்போது இல்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. ஊரிலிருந்து வரும் கடிதங்கள்தான் கதைத்தன.

எனக்குக் கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் கிளாக்கர் வேலை. ஞாயிற்றுக்கிழமையில்தான் கடற்கரைக்குப் போக நேரம் கிடைக்கும். புரட்டாசிக் கடைசியில், காற்று அடங்கித் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு காலையில், பாறைக் குழி ஒன்றுக்குள் அந்த மீனைக் கண்டேன். தீப்பெட்டியிலும் சிறியது. முதுகில் மஞ்சள், உடம்பில் மேலிருந்து கீழாக ஐந்து கறுப்புக் கோடு. அதன் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. காற்சட்டை நனைய நனைய ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு, சட்டைப்பை லேஞ்சியை விரித்து அதைப் பிடித்தேன்.

வீட்டில் அதைக் கண்ட உங்கள் அம்மா, “இது ஒரு சொதிக்கும் காணாது” என்றா.

“இது சமைக்க இல்லை. வளர்க்க.”

“கோழி வளர்த்தாலும் முட்டை தரும்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

மருதானையில் பழைய பற்றரிகளைப் பிரித்து விற்கும் ஒரு பட்டறையில் தடித்த சதுரக் கண்ணாடிச் சாடி ஒன்று வாங்கினேன். அதைச் சோடா போட்டு மூன்று நாள் கழுவி, அதுவரை வாளிக்குள் கிடந்த மீனை அதில் விட்டு, விறாந்தையில் முக்காலியில் வைத்தேன். ஒன்றுவிட்டு ஒருநாள் விடியற்காலையில் இரண்டு வாளி கடல் தண்ணீர் சுமந்து வந்தேன். ரயில் கடவையில் நிற்கும் காவற்காரர் முதல் நாள் என்னை மறித்து, சிங்களத்தில் “மாத்தயா, லுணு வத்துர மொகடத?” என்று கேட்டார். உப்புத் தண்ணீர் எதற்கு என்கிறார். மீன் ஒன்றுக்கு என்றேன். கடலில் இருக்கிற மீனுக்கு வீட்டில் தண்ணீரா என்று அவர் சிரித்த சிரிப்பில், வந்துகொண்டிருந்த ரயிலையே மறந்துவிட்டார்.

சாடிக்குள் அலை கிடையாதே! தண்ணீர் அசையாமல் கிடந்தால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே காலையும் மாலையும் சிரட்டையால் அள்ளி, முழ உயரத்திலிருந்து ஐம்பது தரம் வார்த்தேன். அந்த ஐம்பதும் முடியும்வரை அது சாடியின் மூலையில் நின்று என்னைப் பார்க்கும். உரித்து நறுக்கிய பச்சை இறால்தான் சாப்பாடு. என் விரல் தண்ணீரில் படமுன்னமே பாய்ந்து வரும். அம்மா அதற்குப் பெயர் வைக்கவில்லை. “உங்கட ஆள்” என்பா.

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் படலையைத் தாண்டி உள்ளே வராது. இறாலும் வராது. ஆகவே என் ஆளுக்கும் வெள்ளிக்கிழமை பட்டினி. ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அம்மா அந்த வருடம்தான் முதன்முதலாக ஆறு நாளும் விரதம் பிடித்தா. பகலில் தண்ணீர் மட்டும், இரவில் கொஞ்சம் பாலும் பழமும். எதற்காகப் பிடிக்கிறா என்று அவ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மச்சச் சட்டிகளை வெளியே கொட்டிலில் கவிழ்த்து வைத்து, வீடு முழுவதையும் கழுவினா. கழுவிக்கொண்டு வந்தவ சாடிக்கு முன்னால் நின்றுவிட்டா.

“இஞ்சாருங்கோ, இது மச்சமோ?”

“உயிரோட நீந்துது. எப்பிடி மச்சமாகும்?”

“சரி, இருக்கட்டும். ஆனா இறால் ஆறு நாளும் உள்ளுக்கு வரப்படாது.”

“ஓம்” என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் அது கண்ணாடியைக் கொத்தத் தொடங்கியது. நான் சோற்றுப் பருக்கை போட்டேன். வாயில் எடுத்துத் துப்பியது. அவித்த பருப்பைப் போட்டேன், தேங்காய்ப்பூவையும் போட்டேன். எல்லாவற்றையும் துப்பியது. துப்பியது அத்தனையும் அடியில் கிடந்து புளித்து, மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மஞ்சள் வெளுத்துவிட்டது. இரண்டு வாளிக்கு நான்கு வாளியாகச் சுமந்து மாற்றினேன். தண்ணீர் தெளிந்தது. ஆனால் மீன் தெளியவில்லை. கடலில் தன்பாட்டில் இருந்ததை நான்தானே கொண்டுவந்தேன். அது செத்தால் அந்தப் பழி எனக்குத்தான்.

நாலாம் நாள் வேலை முடிந்து கந்தோரால் வரும்போது கடற்கரையில் ஒரு கை இறால் வாங்கி, இலையில் சுற்றிக் குடைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு துண்டு போட்டுவிட்டால் முடிந்தது. படலைவரை வந்தேன். என் கால் உள்ளே போகவில்லை. நாலு நாளாகப் பட்டினி கிடக்கிறவளின் விரதத்தை நான் குடைக்குள் வைத்து முறிப்பதா? திரும்பிப் போய், இலையோடு காகங்களுக்குப் போட்டுவிட்டு, படலையடியில் இருந்த வாளியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் விறாந்தையில் சாடி இல்லை. முக்காலி மட்டும் நின்றது.

அம்மா சுவரில் சாய்ந்து இருந்தா. முகம் வாடிப்போயிருந்தது, சேலைத் தலைப்பு ஈரம்.

“எங்கை?” என்றேன்.

“விருந்துக்குப் போயிட்டுது.”

“எங்கை விருந்து?”

“மதிலுக்கு அங்காலை. தண்ணியைக் காவாசியாக்கிப்போட்டு, நானும் உம்மாவும் பிடிச்சுத் தூக்கினனாங்கள்.”

பக்கத்து வீட்டு முஸ்லிம் மூதாட்டியைத்தான் நாங்கள் உம்மா என்போம். இடையில் இருந்தது இடுப்பளவு மதில்.

“சாப்பிடாமல் கிடந்துகொண்டு நீர் அந்தச் சாடியைத் தூக்கினனீரோ?”

அம்மா நிமிர்ந்து பார்த்தா. “நான் பிள்ளை வேணுமெண்டு விரதம் கிடக்கிறன். வாய் திறந்து கேக்கத் தெரியாத ஒண்டைப் பட்டினி போட்டுக்கொண்டு, எந்த முகத்தோட முருகனிட்டைக் கேக்கிறது?”

நாலு வருடத்தில் அவ அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நிண்டு பாக்காமல் போய்ப் பாருங்கோ. தண்ணி வார்க்கிற நேரமெல்லே” என்றா.

மதிலைத் தாண்டிப் போனேன். உம்மா சாடிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தா, கையில் ஒரு பீங்கான் கோப்பை, அதற்குள் பொடியாக நறுக்கிய இறால்.

“வாங்கோ தம்பி. மீனுக்கும் நோம்பு புடிக்கப் பழக்கினீங்களா?” என்றா. “நாங்களே பொழுதுபட மஃரிபுக்குத் தொறப்போம். இதுக்குத் தொறக்கிற நேரமே இல்லாம வெச்சிருக்கீங்களே!”

“தின்னுதோ உம்மா?”

“மொதல்ல ஒரு துண்டத் துப்பிச்சு. பொறகு அதையே தேடிப் போய்த் தின்னுச்சு.”

என் கண்முன்னே இன்னொரு துண்டு போட்டா. அது மெதுவாகத்தான் வந்தது, பாயவில்லை. ஆனால் எடுத்தது, துப்பவில்லை. நான் ஐம்பது தரத்துக்குப் பதிலாக நூறு தரம் தண்ணீர் வார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு என்ன ஆனது என்று நீங்கள் விடமாட்டீர்கள். சித்திரை முடிந்து கடல் கொந்தளிக்கும் வரைக்கும் அது எங்களோடு இருந்தது. சாடி போதாத அளவுக்கு வளர்ந்த பிறகு அதே பாறைக் குழியில் கொண்டுபோய் விட்டேன். உங்களில் மூத்தவர் பிறந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. அந்த விரதத்தால்தான் என்று அம்மா சொல்வதில்லை. இல்லை என்றும் சொல்வதில்லை.

எனக்கு மறக்காதது விரதம் முடிந்த ஏழாம் நாள் விடியல். பாறணைக்கு நான்தான் சமைத்தேன். சோறு குழைந்துவிட்டது, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வாழையிலையில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தேன். அவ கையை வைக்காமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மதிலடிக்குப் போனா.

“உம்மா, அவரின்ர ஆள் சாப்பிட்டுதோ?”

“அது விடியவே தின்னுட்டுது” என்று அங்காலிருந்து பதில் வந்தது. “நீ போய்த் தின்னு, புள்ள.”

திரும்பி வந்து இருந்து, அடிப்பிடித்த பருப்பைக்கூட மிச்சம் விடாமல் சாப்பிட்டா.