மோட்டார் கொட்டகையில் ஒரு நேர்காணல்

சிதம்பரத்தில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் என் படிப்பின் ஒரு பகுதி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கணினி மையத்தில்தான் நடந்தது. நான் ஒப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்தவை பழைய நூல்களின் வெவ்வேறு பதிப்புகள். அவற்றை யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள். ஒரு நூல் இறங்கி முடிவதற்குள் என் கைபேசியின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே, சாலையிலிருந்து விலகி இருக்கும் எங்கள் ஊரில், டேட்டா மீதமிருந்தாலும் சிக்னல் இருக்காது. தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். ஆகவே வகுப்பு முடிந்ததும் மையத்துக்குப் போய், வேண்டியவற்றைப் பென் டிரைவில் நிரப்பிக்கொண்டு பேருந்தைப் பிடிப்பேன். வீட்டில் திறந்து பார்க்கையில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால், அந்த ஒரு பக்கத்துக்காக மறுநாள் மாலைவரை காத்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்த ஆண்டில் சாலைவரை ஃபைபர் இணையம் வந்தது. ஊருக்குள் இழுப்பதற்கு நிறுவனத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கம்பத்தை நீங்கள் நட்டால் கேபிளை நாங்கள் கட்டித் தருகிறோம். மாதக் கட்டணம் ஒரு வீடு தனியாகக் கட்ட அதிகம். நான்கு வீடு சேர்ந்தால் கைபேசி ரீசார்ஜைவிடக் குறைவு. எங்கள் வீடும் சித்தப்பா வீடும் அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளும் சேர்ந்தன. சித்தப்பா தன் கொல்லையில் நின்ற சவுக்கை வெட்டி, வரப்போரமாகக் கழிகளை நட்டார். கறுப்புக் கேபிள் கழிக்குக் கழி தாவி வந்து, நான்கு வீட்டுக்கும் பொதுவாக எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய இணையப் பெட்டியில் முடிந்தது. முதல் நாள் நான் ஒரு நூலை இறக்கினேன். அம்மா காபியை ஆற்றி முடிப்பதற்குள் வந்துவிட்டது. அதே நூலை இன்னொரு முறை இறக்கிப் பார்த்தேன்.

அந்தத் தை மாதத்தில், முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகம் நேர்காணலுக்கு அழைத்தது. இணையவழி; காலை பதினொரு மணி. குறித்த நேரத்தில் வராதவர்களுக்கு மறு வாய்ப்பு இல்லை என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று காலை மற்ற மூன்று வீட்டாரும், நான் கேட்காமலே, தங்கள் கைபேசிகளில் வைஃபையை அணைத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சித்தப்பா வாசலில் வந்து நின்றார். எரிந்துபோன பம்ப் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். பக்கத்து ஊர்களிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

“பாப்பா, அந்தப் பொட்டியில லைட்டு எரியுதா பாரு.”

“சிவப்பு எரியுது சித்தப்பா.”

“சிவப்பா?” உள்ளே வந்து அவரே பார்த்தார். “காலைல அறுப்பு மிஷினு திரும்பறப்ப ஒயர இழுத்து அறுத்துட்டான். உனக்குத் தெரிஞ்சா பயந்துக்குவன்னு நானே ஒட்டு போட்டுட்டேன். நல்லா சீவி, முறுக்கி, டேப்பு சுத்தி... மோட்டாரு ஒயருக்குப் போடற மாதிரிதான் போட்டேன்.”

வாயைத் திறந்தால் மரியாதை தவறிவிடும் என்று அஞ்சினேன். அம்மாவுக்கு அந்த அச்சம் இல்லை.

“ஊரு மோட்டாரெல்லாம் ஓட வுடறீங்க, சரி. இத ஒன்னயாவது சும்மா வுட்டிருக்கக் கூடாதா?”

“ஒயருன்னா ஒயருதான அண்ணி,” என்றார் சித்தப்பா. குரல் தணிந்திருந்தது.

கேபிள் பார்க்கும் அண்ணனுக்குப் போன் செய்தோம். அவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. அறுந்த இடத்துக்கு நால்வரும் நடந்தோம். அவர் டேப்பைப் பிரித்தார்.

“மாமா, உள்ள தலமுடியாட்டம் ஒன்னு இருந்திருக்குமே, என்னா பண்ணீங்க?”

“அந்த நூலா? அது எதுக்குன்னு கிள்ளிப் போட்டுட்டேன்.”

“அப்ப எத முறுக்கினீங்க?”

“ரெண்டு ஓரத்துலயும் கம்பி இருந்துச்சே.”

“அது கேபிளு தொங்காம தாங்கிக்கறதுக்கு மாமா. லைனே அந்தத் தலமுடிதான். கண்ணாடி அது. நீங்க தூணோட தூணக் கட்டிட்டு வூட்டத் தூக்கி வீசிட்டீங்க.”

சித்தப்பா சிரிக்க முயன்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த முயற்சி நின்றுபோனது.

நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்து, மிச்சத்தை இழுத்துக் கட்டியிருந்தார் சித்தப்பா. முறுக்கை அவிழ்த்ததும் இரண்டு முனைகளும் விலகின. இடையில் மூன்று முழம் குறைந்தது. புதுக் கேபிள் வடலூரில்தான் இருக்கிறது, எடுத்து வந்து போடப் பகல் ஒரு மணி ஆகும் என்றார் அந்த அண்ணன்.

“சாலைப் பக்கத்து முனை வரைக்கும் லைன் வருதாண்ணா?” என்று கேட்டேன்.

“அதுவரைக்கும் உசுரோடதான் இருக்கு.”

நான் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகையைப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் இருந்தது. உள்ளே மின்சாரமும் ஒரு பிளக்கும் உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூ வைத்திருந்த நேரம். மும்முனை மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்துக்குள் கொல்லை முழுவதும் தண்ணீர் பாய வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே சித்தப்பா உள்ளே போனார். மோட்டார் நின்றது.

அம்மா வீட்டிலிருந்து மடிக்கணினியையும் இணையப் பெட்டியையும் ஒரு நாற்காலியையும் வெள்ளைப் போர்வையையும் கொண்டுவந்தாள். கிரீஸ் படிந்த சுவரைப் போர்வை மறைத்தது. கேபிள் அண்ணன் உயிருள்ள முனையைக் கழியிலிருந்து அவிழ்த்துக் கொட்டகைக்குள் இழுத்து, ஒரு தற்காலிக இணைப்பு போட்டார். விளக்கு பச்சையானபோது பதினொன்றாக ஆறு நிமிடம் இருந்தது. “ஆடுனா போயிடும். நான் புடிச்சிக்கறேன், நீ பேசும்மா,” என்று கதவோரம் குந்திக்கொண்டார். மறுபடி ஏதும் அந்த வழியாக வந்துவிடக் கூடாது என்று சித்தப்பா வண்டிப்பாதையில் போய் நின்றார்.

திரையில் மூன்று பேராசிரியர்கள் தெரிந்தார்கள். முதல் கேள்விகள் எளியவை. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் அறுப்பு மிஷினின் இரைச்சல் நெருங்கி வந்து நின்றது. ஓட்டுநரின் குரல் கேட்டது.

“என்னா மச்சான், கல்யாண ஊர்கோலமா போவுது? வழிய வுடு.”

“அர மணி நேரம் நில்லு மச்சான். எம் புள்ள பரிச்ச எழுதுது.”

“மோட்டாரு கொட்டாயிலயா?”

“ஆமா. எஞ்சின நிறுத்து.”

இரைச்சல் அடங்கியது. பேராசிரியர்களில் ஒருவர் கேட்டார்: “இரண்டு பதிப்புகளில் ஒரே அடி இருவேறாக இருக்கிறது. எது மூலம் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?”

உடனே முடிவு செய்யமாட்டேன் என்றேன். ஏட்டில் சிதைந்திருந்த இடம் சிதைந்தபடியே அச்சாகியிருந்தால் நம் வேலை எளிது. படிப்பவர் இடர்ப்படக் கூடாதே என்று நல்ல எண்ணத்தோடு ஒருவர் நிரப்பிவிட்ட இடமே கடினம். அங்கே பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் நிரப்பியவரைப் பழிப்பது ஆய்வாகாது. அவர் கையில் என்ன இருந்தது, எதை அறிந்து அதைச் செய்தார் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியங்கள் நான் தயாரித்துக்கொண்டு வந்தவை அல்ல. சன்னல் வழியே வண்டிப்பாதையும் சித்தப்பாவின் முதுகும் தெரிந்துகொண்டிருந்தன.

படம் ஒருமுறை உறைந்தது. கதவோரத்தில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைச் சற்று உயர்த்தினார். படம் அசைந்தது. இருபது நிமிடத்தில் நேர்காணல் முடிந்தது. அறுப்பு மிஷின் தன் வழியே போயிற்று. மோட்டாரைப் போடுவதற்கு முன்பு சித்தப்பா, “முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றேன்.

பத்து நாள் கழித்துத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. பெயர்கள் இல்லை, பதிவு எண்கள் மட்டும். ஐந்தாவது வரியில் என் எண் இருந்தது. சித்தப்பா மடிக்கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழைப்புக் கடிதத்தின் அச்சுப்படியைப் பக்கத்தில் விரித்து, இரண்டு எண்களையும் இலக்கம் இலக்கமாக விரலால் தொட்டுச் சரிபார்த்தார். கடைசிவரை போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

“சரியாத்தான் இருக்கு,” என்றார்.