எதிர்ச்சாரியில் ஒரு முட்டி

பாதி நடை கற்றவரை நடப்பவர் என்பதா, நடக்காதவர் என்பதா? பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும் நடை வாத்தியாரின் கண் இந்தக் கேள்வியோடுதான் தெருவில் அலையும். முகங்களைப் பார்க்க மாட்டார். எந்தக் குதிகால் தரையில் உரசுகிறது, எந்தச் செருப்பு ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். “கல்யாணத்துக்குப் போனாலும் இவரு செருப்பு விடற எடத்துலயே நின்னுடுவாரு” என்பாள் மனைவி.

தனியார் மருத்துவமனையில் அவர் பிசியோ. பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கவைப்பது வேலை. நடை வாத்தியார் என்ற பட்டப்பெயர் நோயாளிகள் வைத்தது. “முட்டி, குதிகால், விரல்.” பாடம் இவ்வளவுதான். சொல்லும்போதே அவர் காலும் தானாக எழும்பும்.

முன்பு அரசு மருத்துவமனையில் தற்காலிக வேலையில் இருந்தார். காசில்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் ஒருவர் நடை பழகும் கம்பியைப் பிடித்து இரண்டடி வைப்பதற்குள் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருமுவார். இங்கே குளிர்ந்த அறை, பளபளக்கும் கம்பி, ஆளுக்கு முழுதாக ஒரு மணி நேரம். கால் எழும்பத் தொடங்கும் வேளையில் கையிருப்பு கரைந்து, ஆள் வருவதை நிறுத்திவிடுவார். “அங்க ஆரம்பிக்க முடியல, இங்க முடிக்க முடியல” என்பார் வாத்தியார். ஒரே ஒருவரையாவது, கம்பியை விட்டு, கைத்தடியை விட்டு, வாசற்படி இறங்கித் திரும்பிப் பாராமல் போகும்வரை பார்த்துவிட வேண்டும். அந்த ஏக்கம் அவருக்கு ஆறவே இல்லை.

சலவைக்கடை அக்கா அப்படிப் பாதியில் நின்றவர். நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டவருக்கு இடது பக்கம் செயலிழந்துபோயிற்று. சிகிச்சையில் குதிகால் மெல்லப் பதியத் தொடங்கியிருந்தது. ஒருநாள், “போதும் தம்பி, இருக்கற காலே எனக்குத் தாராளம்” என்று சிரித்துக்கொண்டே விடைபெற்றார். அரசு மருத்துவமனைக்காவது போகும்படி வாத்தியார் மன்றாடினார்.

“அங்க வரிசையில நிக்கறதுக்கு இன்னொரு கால் வேணுமே.”

வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தரவும் வழியில்லை. மருத்துவமனையின் நோயாளிகளுக்கு வெளியே சிகிச்சை தருவதில்லை என்று சேரும்போதே ஒப்புக்கொண்டிருந்தார். மீறிய சக ஊழியர் ஒருவர் மறுவாரமே வேலை இழந்ததையும் பார்த்திருந்தார். வாத்தியாரின் வீட்டிலும் அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

ஒரு மாலை, கடைத்தெருவின் எதிர்ச்சாரியில் அக்காவைக் கண்டார். பாதம் பழையபடி தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இவரைக் கண்டதும் அக்கா, கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாத்தியார் கூப்பிடவில்லை, தெருவைக் கடக்கவும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே, முட்டியைக் கொக்குபோல் உயரத் தூக்கி, குதிகாலை ஊன்றி, விரல்களை மெதுவாகப் பதித்து நடந்தார். கடை வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவர், “என்ன சார், முள்ளு குத்திடுச்சா?” என்றார். சிரிப்பு கேட்டு அக்காவும் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் பேருந்து ஏறுவதில்லை. மாலையில் அந்தத் தெரு வழியாக நடந்தே வீடு திரும்புகிறார். மனைவி கேட்டால் செருப்பு கடிக்கிறது என்கிறார். செருப்பு கடித்தால் எதற்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவள் கேட்டால், செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அக்காவின் சலவைக்கடைக்கு நேரெதிரே வந்ததும் நடை தளர்கிறது. அவருடைய இடது கால் உயர்ந்து அப்படியே அந்தரத்தில் நிற்கிறது, எதிர்ச்சாரியில் இன்னொரு முட்டி எழும்பும்வரை.