சார்ஜரை அணைத்த மாலை

துணைமின் நிலையத்தில் அவளுக்குப் பேட்டரி அக்கா என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாள். புதுச் சட்டை வாங்கினால் போதும், ஒரு வாரத்துக்குள் அமிலம் தெறித்து முன்பக்கம் பொத்தல் விழுந்துவிடும். "எனக்குச் சட்டை வாங்குறதும் ஒண்ணு, கொசுவலை வாங்குறதும் ஒண்ணு" என்பாள்.

அவள் பார்த்துக்கொண்டது ரிலேக்களுக்குச் சோறு போடும் பேட்டரிகளை. கம்பியில் கோளாறு வந்தால் கண நேரத்தில் கண்டுபிடித்து மின்சாரத்தை வெட்டச் சொல்கிற காவல்காரன்தான் ரிலே. அந்தக் காவல்காரனுக்கும் மின்சாரம் வேண்டுமே, அதை எங்கிருந்து கொடுப்பது? காவல் காக்கிற கம்பியிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் ரிலேக்கள் உண்டு. ஒரு மடக்குத் தண்ணீர் மாதிரி மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வெட்டுகிற நேரத்தில் மட்டும் கொடுக்கும் சின்னப் பெட்டிகளும் உண்டு. சின்ன இடங்களுக்கு அவை போதும். பெரிய நிலையத்தில் இந்தக் கதையெல்லாம் நடக்காது. கம்பி விழுகிற நேரத்தில் காவல்காரனும் சேர்ந்து மயங்கி விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் தனி அறை, அதில் வரிசை வரிசையாகப் பேட்டரி, அதை எப்போதும் நிரப்பி வைக்க ஒரு சார்ஜர்.

அவள் யாரையும் நம்பமாட்டாள், முக்கியமாக மீட்டரை. சோதனை நாளில் ரிலேக்களை இன்னொரு வரிசைப் பேட்டரிக்கு மாற்றிவிட்டு, இந்த வரிசையின் சார்ஜரை அணைத்து, பேட்டரி மேல் மட்டும் மின்சுமையை ஏற்றிப் பார்ப்பாள்.

"அக்கா, மீட்டர் ஃபுல்லா காட்டுதே, எதுக்கு வீண் வேலை?" என்று ஷிஃப்டுக்காரர் அலுத்துக்கொள்வார்.

"அது சார்ஜர் பேசுற பேச்சு. பேட்டரி இன்னும் வாயே திறக்கலை. சார்ஜரை அணைங்க, அப்புறம் தெரியும் யார் யாரைத் தாங்குறாங்கன்னு."

அப்படி அணைத்துப் பார்த்து, வெளியே பளபளவென்றிருந்த எத்தனையோ பேட்டரிகளை அவள் கழித்துக் கட்டியிருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி. வீட்டு விஷயத்தில்தான் நம் பேட்டரி அக்கா கோட்டை விட்டாள்.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே அண்ணன். சைக்கிள் கடை வைத்திருந்தவர். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவர் ஒடிந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்த தங்கை, தினமும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, இரண்டு பேருக்கான சாப்பாட்டைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டிப் போவாள். அண்ணன் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கழுவிய தட்டுகள் ஈரம் சொட்டச் சொட்டக் காத்திருக்கும். சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர் நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார், சட்டைப் பொத்தான் மாட்ட முடியாத அளவுக்குச் சதையும் போட்டார்.

ஊரில் எல்லோரும் "உன் அண்ணன் தேறிட்டாரே" என்றார்கள். அவளுக்கு மட்டும் சந்தேகம். தான் போகிற நேரத்தில் தெரிகிற சிரித்த முகம், தன்னால் மட்டுமே வருகிற முகமாக இருந்தால்? தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த மனுஷன் தாங்குவாரா? தன் வீட்டோடு கூட்டி வந்துவிடலாம் என்றால், சொந்த வீட்டை விட்டு வரவே மாட்டேன் என்று நின்றார். தாங்கமாட்டார் என்று தெரிந்தால் சண்டை போட்டாவது இழுத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தாள். எப்படித் தெரிந்துகொள்வது? அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

சார்ஜரை அணைத்தாள். அன்று மாலை போகவில்லை. போனும் செய்யவில்லை. வாரக் கடைசி வரை இப்படியே இருந்து, பிறகு திடீரென்று போய்ப் பார்ப்பதாகத் திட்டம்.

கை பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைத்தது. பாத்திரத்தில் போட்டு மூடியும் விட்டது. மேசை மேல் அதை வைத்து எதிரே உட்கார்ந்தாள். பசித்தது, ஆனால் திறக்க மனம் வரவில்லை. டிவியைப் போட்டாள், அணைத்தாள். போன் ஊமையாகக் கிடந்தது. 'ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா இந்த மனுஷன்?' அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாரக் கடைசியாவது ஒன்றாவது! வெளிச்சம் மங்குமுன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவர் பழைய பனியனோடு நின்று, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுப்பில் அவர் வைத்த குழம்பு. கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் கலைத்துக்கொண்டே ஏதோ சொல்ல, அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஈரத்தட்டைக் கையில் வைத்தபடி திரும்பியவர் தங்கையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

"நீயே சமைச்சுச் சாப்பிட்டியா?" என்றாள் உள்ளே வந்தவள்.

"ஆமாம்மா."

"தினமுமா?"

அவர் தட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அப்போ நான் கொண்டு வர்ற சாப்பாடு?"

"அதையும்தான். சட்டை பத்தாம போனதைப் பார்த்தும் உனக்குத் தெரியலையா?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேண்ணா!"

"சொன்னா நீ வரமாட்டே. அண்ணன் தேறிட்டான்னு நிம்மதியா வீட்டுல இருந்துடுவே. அந்த வீட்டுல உனக்கு யாரும்மா இருக்காங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் தன்னைச் சார்ஜர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அணைத்த ஒரே மாலையில் காலியாகிப்போனது யார் என்று பார்த்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பசி அதிகமாக இருந்தது.

"ஏன் போன் பண்ணலை?" என்றாள் கடைசியாக.

"எடுத்தேன். நீ ஒருவேளை எங்கேயாவது சிநேகிதிங்களோட போயிருப்பியோன்னு ஒரு சந்தோஷம். கெடுக்க வேண்டாம்னு வச்சுட்டேன்."

அவள் அழுதுவிட்டாள். அவர் தட்டை வைத்து, தன் குழம்பைப் பரிமாறினார். உப்பு தூக்கலாக இருந்தது. அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் மாலையிலிருந்து அவள் வெறுங்கையோடு போனாள்.