நாலு வீடு என்று எழுதினேன்

போன வாரம் ஊத்துக்கோட்டையிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் கூடை, கூடை நிறைய சென்னாகுனி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நகத்தளவுகூட இல்லாத பொடி இறாலை வெயிலில் காயவைத்த கருவாடு அது. எதிரே இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அசையவில்லை. "பெரியவருக்குப் பழக்கம் போலக் கீது" என்று அந்தப் பெண் சிரித்தார்.

பழக்கமா! திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, துளசியும் பச்சைக் கற்பூரமும் தவிர வேறு வாசனை தெரியாமல் வளர்ந்தவன் நான். மீன் கூடைக்காரி தெருமுனையில் வந்தாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். இப்போது அந்த வாடை வந்தால் எழுந்து போவதில்லை. எழுந்து போக எனக்கு உரிமை இல்லை என்று ஓர் எண்ணம். அது எப்படி வந்தது என்பதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பொன்னேரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பள்ளியில் எல்லாருக்கும் இளையவன் நான். ஆகவே யாருக்கும் வேண்டாத இடம் எனக்கு வந்தது. காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு சிறிய தீவு. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் கழி, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. படகில்தான் போக வேண்டும்.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மூன்று நாளுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். "யார் ஆத்திலயும் தீர்த்தம்கூடச் சாப்பிடாதே. திரும்பி வந்தா கொல்லைப்பக்கமா வந்து ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வா" என்றாள். நான் என் பங்குக்கு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் வாங்கி, கைக்குட்டையை அதில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டே படகேறினேன். படகுக்காரர், "சாருக்கு ஜலுப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தீவைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. மற்றவை பின்னால் வருகின்றன.

தீவில் பெரிய குப்பம் ஒன்று. அதன் தலைவர் நல்ல மனிதர், பெரிய மீசை. பூவரச மர நிழலில் எனக்கு ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்து, வீடு வீடாக ஆட்களை அழைத்து வந்து நிறுத்தினார். பெயர், வயது, தொழில். ஆண்கள் எல்லாருக்கும் மீன்பிடித்தல். பெண்கள் முறை வந்ததும் பேனாவை நிறுத்தினேன்.

"பொம்பளைங்க இன்னா வேல செய்றாங்க? ஊட்லதான் கீறாங்க. எழுதிக்கோ சார்" என்றார் தலைவர்.

எழுதினேன். வேலை இல்லை. அடுத்த பெண்ணுக்கும் வேலை இல்லை. அப்படி எழுதும்போதே என் கண்ணுக்கு எதிரில் பெண்கள் இறாலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள், உப்பு இடித்துக்கொண்டிருந்தார்கள், தலையில் கூடையோடு சந்தைக்குப் படகேறிக்கொண்டிருந்தார்கள். கடலில் காற்று மாறி ஆண்கள் சும்மா இருக்கும் மாதங்களில் அந்தத் தீவே அவர்கள் கையால்தான் சாப்பிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கலாம். கைக்குட்டை மூக்கை மட்டும்தான் மூடியிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பெண் வந்து பெஞ்சுக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு பனையோலைப் பறி. இறால் போட்டு வைக்கும் கூடையை அங்கே பறி என்பார்கள். நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் அவளுடைய ஜனங்கள். குப்பத்துக்கு அப்பால், ஒரு கழியைத் தாண்டி, அக்கரை என்கிற இடத்தில் குடியிருந்தார்கள்.

"எம் பேரு கன்னியம்மா சார். எங்க ஊட்டாண்ட எப்போ வருவீங்க?"

"நாளைக்கு வரேன்மா."

"நெஜமா வருவீங்களா? அப்போ யாரையும் வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லிட்றேன்."

சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை தலைவரோடு கழிக்கரைக்குப் போனேன். தண்ணீர் ஏறியிருந்தது. அன்றைக்கு எனக்கு ஓர் அவசரம் இருந்தது. சாயங்காலம் காஞ்சிபுரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். உச்சிவேளைப் படகை விட்டால் பஸ்ஸும் போய்விடும். கழியில் இறங்கினால் இடுப்புவரை கருப்புச் சேறு. அந்த வாடையோடு பெண்வீட்டில் போய் எப்படி உட்காருவது? (பிறகு அவர்கள் என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது வேறு கதை.)

எதிர்க்கரையில் கன்னியம்மா நின்றிருந்தாள். "செத்த நேரம் இரு சார், வெள்ளம் வடிஞ்சிரும்" என்று கத்தினாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு திரும்பி ஏதோ சொன்னாள். குடிசைகளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள், கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்த ஒரு கண் தெரியாத கிழவர். எல்லாரையும் கரையோரமாக ஒரே வரிசையில் நிறுத்தினாள். தலைமுடியெல்லாம் எண்ணெய் வைத்து வாரியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"அங்கருந்தே எண்ணிக்கோ சார்!"

நான் கையை நீட்டி, விரலை ஆட்டி, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணுவதுபோலச் செய்தேன். எண்ணவில்லை. ஆனது என்று கையைக் காட்டினேன். அவர்கள் வரிசை கலையவில்லை. நான் திரும்பி நடக்கும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

பெஞ்சுக்கு வந்ததும் தலைவரைக் கேட்டேன், அக்கரையில் எத்தனை வீடு என்று.

"எனக்குத் தெரிஞ்சு பேரு சொல்றதுன்னா நாலு ஊடு சார். மீதி எல்லாம் வந்துக்கினு போய்க்கினு கீறதுங்க. அதுங்கள எழுதப் போனா பேஜாரு. உடு சார்."

விட்டேன். நாலு வீடு என்று எழுதினேன். பெண்களுக்கு வேலை இல்லை.

மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. மாற்றல் கேட்டுப் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போயிருந்தேன். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் கன்னியம்மா நின்றிருந்தாள். அக்கரைக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வேண்டும் என்று மனு.

"வெள்ளம் ஏறிச்சின்னா குடம் தூக்கிக்கினு கழியத் தாண்ட முடியல சார். புள்ளைங்க உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு வாந்தி எடுக்குதுங்க."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார். "நாலு குடும்பம்தானேம்மா அங்க. நாலு குடும்பத்துக்குத் தனிக் கிணறு தர மாட்டாங்களே."

"நாலா? யார் சார் சொன்னது?" என்று நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. இன்றுவரை என்னைத் தின்பது அந்த மலர்ச்சிதான். "தோ, எண்ணின சாரே இங்க கீறாரு! கரையில நின்னு எங்க எல்லாரையும் எண்ணினாரு. அவரையே கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். தப்பாக எழுதினேன் என்று சொன்னால் வேலை போகுமா, வழக்கு வருமா என்று எனக்குத் தெரியாது. நாக்கு எனக்காக முந்திக்கொண்டது.

"நான் பாத்தப்போ நாலு வீடுதான் சார் இருந்தது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "நாலு ஊடா சார்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அன்னிக்கு வேலைக்குப் போவாம நின்னோமே சார்" என்றாள். மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மாற்றல் கிடைத்தது. அடுத்த கோடை விடுமுறையில் தீவுக்குப் போனேன், உண்மையை எழுதிக் கொடுத்துவிடுவது என்று. தண்ணீர் வடிந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழியில் இறங்கினேன். அக்கரை சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. கால் மணி நேரம்தான்.

அங்கே நாலு வீடு இருந்தது.

இரண்டு முறை எண்ணினேன். மற்ற இடங்களில் மெழுகிய தரைகள் மட்டும் மண்ணேறிக் கிடந்தன. பறி முடைந்துகொண்டிருந்த ஒருவர், "தண்ணி இல்லாத ஊர்ல எத்தினி நாளு சார் கெடக்கறது? கும்முடிப்பூண்டியில கம்பெனி கட்றாங்களே, அங்க போயிட்டாங்கோ" என்றார். நான் எழுதியது பொய்யாக இருந்தபோது திருத்தியிருக்கலாம். இப்போது எதைத் திருத்துவது?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். மூன்றாம் வாரம் ஒரு கட்டட வேலைக் கேட்டில் அவளைப் பார்த்தேன். தலையில் சும்மாடு, கையில் நாஷ்டா தூக்கு. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாய் திறந்ததும் எல்லாம் போயிற்று. "அன்னைக்கு நான் உங்களை எண்ணவே இல்லை. ஆபீஸ்ல பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு நோட்டில் எழுதினான்.

"இங்க பேரு எழுதிக்கிறாங்க சார். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி" என்றாள். பிறகு, "லேட்டானா உள்ள உட மாட்டான். வர்றேன்" என்று வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அதன்பிறகு அவளைப் பார்க்கவில்லை. தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் உட்கார்ந்து எழுதிய பூவரச மரம் எந்த வருஷத்துப் புயலில் சாய்ந்தது என்று சொல்ல ஆளில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் இப்போது துறைமுகமும் கப்பல் தளமும் வந்துவிட்டன. கழி தூர்ந்து சாலையாகிவிட்டது. எது இக்கரை, எது அக்கரை என்று காட்டத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி வரிசையில் நின்றவர்களில் கன்னியம்மாவைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.