பேணுதலான புள்ள

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவி வுழூ எடுப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். அவளுக்கு அது முடிவதில்லை. கழுவுவாள். பைப்பை மூடுவாள். திரும்பவும் திறப்பாள். தொழுகை நேரமே போய்விடும்.

பக்கத்து வீட்டு அக்காவை ராத்தா என்போம். அவர் வேலிக்கு மேலால் பார்த்துச் சொல்வார்: “பேணுதலான புள்ள. எங்கட ஊட்டுல உள்ளதுகள் பூன மொகம் கழுவுற மாதிரி நனைச்சிட்டு ஓடுதுகள்.”

மார்க்கத்தில் கவனமாக நடப்பதை நாங்கள் பேணுதல் என்போம். பெண்பிள்ளைக்கு அதைவிட நல்ல பெயர் எங்கள் ஊரில் இல்லை. உம்மா இல்லாத பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை. தாங்கியில் தண்ணீர் முடிந்தால் மோட்டரைப் போட்டு நிரப்பிக் கொடுப்பேன்.

பிறகு அவளுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சுவருக்குப் பின்னால் ஆட்கள் தன்னைப் பற்றிக் கதைப்பதாகச் சொன்னாள். என் ஓட்டோவிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சத்தத்தைச் சொன்னேன். தண்ணீரைச் சொல்லவில்லை. அதுவும் நோய் என்று எனக்குத் தெரியாது.

மாத்திரையில் சத்தம் குறைந்தது. கழுவுவது குறையவில்லை. சோறும் சரியாகத் தின்னவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். தோல் வெடித்திருந்தது.

“இது என்ன?”

“வுழூ எடுக்கிறதால டொக்டர். பேணுதலான புள்ள,” என்றேன்.

அவர் மகளிடம் கேட்டார்: “கழுவி முடிச்சா மனசு ஆறுமா மகள்?”

“இல்ல டொக்டர். சுத்தமாகல்ல எண்டுதான் இருக்கும். தொழப் பயம். சில நேரம் உசிரோட இருக்கவும் விருப்பமில்ல.”



“சத்தம் கேக்கிறது ஒண்டு. கழுவுறது வேற ஒண்டு. இந்தக் கவல இன்னொண்டு,” என்றார் டொக்டர். “இந்த வயசுல சேந்து வாறதுதான். எல்லாத்தையும் சேத்துப் பாப்பம்.”

வரும் வழியில் கேட்டேன்: “ஏன் மகள் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“நீங்க சந்தோசமா இருந்தீங்க வாப்பா.”



வைத்தியம் நடக்கிறது. ஒரு தரம் கழுவிவிட்டு வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. படிப்பு அந்தப் பரீட்சையோடு நின்றுவிட்டது. போன கிழமை ராத்தா வேலியடியில் நின்று கேட்டார்: “புள்ளைக்கிப் பேணுதல் கொறஞ்சிட்டுப் போல?”

“ஓம் ராத்தா,” என்றேன். “இன்னும் கொறையணும்.”