பித்தளைப் பசு முதலில் நுழைந்த வீடு

பிரிக்பீல்ட்ஸில் நான் வாங்கிய அப்பார்ட்மென்டுக்குள் எனக்கு முன்னால் ஒரு பித்தளைப் பசு நுழைந்தது. அதற்குப் பின்னால் என் அண்ணன், அண்ணி, ஐயர், பந்திங்கிலிருந்து வந்த அத்தை, அத்தையோடு வந்த ஒரு வேன் ஜனம். அவர்களுக்கெல்லாம் பிறகுதான் நான். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது சூடாகிறது.

அப்பா ரயில்வேக்காரர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணனுக்கு அப்போதே கல்யாணமாகி, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவும் நானும் அதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் மாடி அறைக்குக் குடிபோனோம். தண்ணீர்க் குழாய் கீழே கடைக்குப் பின்னால் இருந்தது. அம்மா வாளியோடு இறங்கும்போதெல்லாம் கடைக்காரர் மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டு, “தண்ணி பில்லு ஏறிக்கிட்டே போவுது” என்பாள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஒரே வசனம். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, “நமக்குன்னு ஒரு கொழா இருந்தாப் போதும்” என்று மட்டும் சொல்வார்.

நான் டெலிபோன் ஆபரேட்டர். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று மாறி மாறி வரும். பிரிக்பீல்ட்ஸை விட்டால் எனக்குப் பிழைப்பு கிடையாது. பஸ், ரயில், கோயில், பாசார் எல்லாம் நடக்கிற தூரத்தில். அதனால் எண்பதுகளில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே அடுக்குமாடி எழும்ப ஆரம்பித்தபோது, அரசாங்க வேலைக்குக் கிடைக்கிற வீட்டுக் கடனை எடுத்து ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணங்கள் உண்டு, அவை இங்கே வேண்டாம்.

அண்ணனுக்குச் செய்தி போனதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மண்ணு இல்லாத வீடு ஒரு வீடா? அந்தரத்துல தொங்குது. நாளைக்கு இடிஞ்சா ஒனக்கு என்ன மிஞ்சும்? காத்துதான் மிஞ்சும். எங்க ஷா ஆலம் பக்கம் வந்து தரை வீடா ஒண்ணு பாரு.”

“அண்ணே, ஷா ஆலம்லருந்து நான் காலையில ஷிப்டுக்கு எப்படி வருவேன்?”

“கல்யாணம் பண்ணிட்டுப் போற பொண்ணுக்கு வீடு எதுக்கு?” என்றார். என் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படிச் சொன்னவர், மாதிரி வீட்டைப் பார்க்க நான் போனபோது கூடவே வந்தார். பொம்பளை தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்களாம். பாசாரில் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். வீட்டை விற்கிற சீனப் பையன் டை கட்டியிருந்தான். உள்ளே நுழைந்ததிலிருந்து அண்ணனைத் தவிர வேறு யாரையும் அவன் பார்க்கவில்லை.

“பாஸ், திஸ் பிக் ரூம் ஃபார் யூ. திஸ் ஸ்மால் ஒன், யுவர் சிஸ்டர் கேன் ஸ்டே.”

அண்ணன் தலையாட்டினார். தலையாட்டினார்! எனக்குப் பொறுக்கவில்லை. “ஐ ஆம் தி பாஸ்” என்றேன். பையன் என்னைப் பார்த்து ஒரு கணம் விழித்தான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தான். “யுவர் சிஸ்டர் வெரி ஃபன்னி லா, பாஸ்.” அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

கட்டி முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. சாவி கையில் கிடைத்த அன்று மத்தியானமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாவது மாடி. லிஃப்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வெளிக் கிரில்லைத் திறந்து, கதவைத் திறந்து, “வாங்கம்மா” என்றேன். அம்மா வரவில்லை. நடைபாதையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். அங்கிருந்து சமையலறையின் ஓரம் தெரியும். அங்கே புதுக் குழாய் பளபளத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போய் தொறந்து பாருங்கம்மா. தண்ணி வரும்.”

“நான் மொதல்ல கால் வைக்கக் கூடாதுடி. ஒங்கப்பா போன மாதிரி இந்த வீட்டுக்கும் எதாவது ஆயிட்டா? அண்ணனும் அண்ணியும் ஜோடியா நல்ல நேரத்துல போகட்டும். பெறவு நம்ம போவோம். நீயும் உள்ள போவாத.”

எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்தியிருப்பேன். ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். அப்பாவின் சாவைத் தன் காலில் கட்டிக்கொண்டு அவர் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யார் அவர் தலையில் அதை ஏற்றியது? அந்த ஆள் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் போய்ச் சண்டை போடுவேன். வாசற்படியைத் தாண்டாமலே கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் இறங்கி வந்தோம்.

அண்ணனுக்கு இதற்குள் அந்தரத்தில் தொங்கும் வீடு பிடித்துப்போய்விட்டது. கிரகப்பிரவேசத்துக்கு ஐயரை அவரே பேசினார், அத்தைக்கு அவரே போன் போட்டார். அத்தை, “வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணத்தைப் பண்ணிப் பாருன்னு சும்மாவா சொன்னாங்க? எந்தம்பி மவன் ரெண்டையும் பண்ணிட்டான்” என்றாராம். அதை அண்ணனே என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

ஐயர் இடத்தைப் பார்க்க வந்தபோது நானும் அம்மாவும் வாசலுக்கு வெளியே நின்றிருந்தோம். முதல் பிரச்சினை மாடு. பசுவும் கன்றும் உள்ளே வர வேண்டும் என்பது முறை. அண்ணன் கீழே போய் வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் மாடு லிஃப்டில் வரலாமா என்று கேட்டார். “லெம்பு தாக் போலே!”, மாடு கூடவே கூடாது என்று ஜாகா இரண்டு கையையும் ஆட்டியது ஏழாவது மாடிக்கே தெரிந்திருக்கும்.

ஐயர் கொஞ்சமும் அசரவில்லை. “பித்தளையில ஒரு பசு இருந்தாப் போதும். தட்டுல வச்சுக் கொண்டு வாங்க.”

அடுத்தது ஹோமம். கூரை தாழ்வு, புகை அடையும். “நாலு செங்கல், கொஞ்சம் மணல், சின்னதா ஒரு தட்டுல பண்ணிடலாம்.” வாசலில் வாழை மரம் கட்ட இடமில்லை, பக்கத்து வீட்டின் செருப்பு அலமாரி இடித்தது. “சின்ன வாழக் கன்னா ரெண்டு, கிரில்லுல கட்டுங்க. இடத்துக்குத் தகுந்த மாதிரி பண்ணிக்கறதுதான். சாமி ஏத்துக்குவார்.”

இத்தனைக்கும் வழி இருக்கும்போது இன்னொன்றுக்கும் இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். “ஐயர், நானும் அம்மாவும் மொதல்ல போறதுக்கு என்ன பண்ணணும்?”

ஐயர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். “தம்பதியாத்தான் போகணும். அதுக்கு மாத்து கிடையாதும்மா.”

மாட்டுக்கு மாற்று உண்டு. நெருப்புக் குண்டத்துக்கு உண்டு. வாழை மரத்துக்கு உண்டு. அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற இரண்டு பேருக்கு மட்டும் கிடையாது. அம்மா புருஷனை இழந்தவர், நான் புருஷன் இல்லாதவள், ஆகவே எங்கள் இரண்டு பேரைவிடப் பித்தளை மேல். இதை நான் அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். ஐயர் காதில் விழாத மாதிரி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “எனக்காகடி. இந்த ஒரு நாளு” என்றார். அம்மா என்னிடம் எதையும் கேட்டு எனக்கு ஞாபகமில்லை. ஒப்புக்கொண்டேன்.

அன்று காலை நாங்கள் இருவரும் நடைபாதையில் நின்றோம். கிரில்லின் சாவியை நான்தான் போட்டுத் திறந்தேன். திறந்துவிட்டு ஒதுங்கினேன். அண்ணி தட்டில் பித்தளைப் பசுவை ஏந்தியிருந்தார், அண்ணன் நிறைகுடத்தைச் சுமந்திருந்தார். இருவருக்கும் புதுவேட்டி, புதுச்சேலை. மணையில் உட்கார்கிற தம்பதிக்கு வீட்டுக்காரர்கள் எடுத்துத் தர வேண்டும் என்பதும் முறை, ஆகவே அவையும் நான் எடுத்தவை. அந்த இடத்தில் மட்டும் என்னை வீட்டுக்காரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளே மந்திரம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “அடுப்பு பத்த மாட்டேங்குதே, எப்படித் திருப்பணும்?”

“அமுக்கிட்டுத் திருப்புங்க அண்ணி!” என்று நான் நடைபாதையிலிருந்து கத்தினேன். என் அடுப்பு, என் பால், என் சமையலறை. நான் வாசலுக்கு வெளியே நின்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். முந்தின வாரம் லிஃப்டில் பேசிக்கொண்டு பழக்கமாகியிருந்தோம். உள்ளே இருந்த கூட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உன் வீடுதானே? நீ ஏன் வெளியே நிற்கிறாய்?” என்று மலாயில் கேட்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அவரைச் சாப்பிட வரச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

பால் பொங்கிய பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். போனோம். அதற்குள் அண்ணன் வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். “நம்ம வீடு எப்படி? சவுண்டே கேக்காது, சுவரு கெட்டி.” நான் வாங்கி வைத்திருந்த லட்டுப் பெட்டிகளை ஆளுக்கு இரண்டாக அள்ளிக் கொடுத்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அத்தை அண்ணனுக்குத் திருஷ்டி கழித்தார். எனக்கு, “அடுத்தது ஒன் கல்யாணந்தான்” என்றார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அண்ணன் போகும்போது பித்தளைப் பசுவையும் எடுத்துக்கொண்டு போனார். பூஜையில் வைத்ததை உட்கார்ந்தவர்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் தரையில் சிந்திய சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா எச்சில் இலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நடைபாதைக் கோடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போடப் போனார். திரும்பி வந்தவர் உள்ளே வரவில்லை. வெளியிலிருந்து கூப்பிட்டார்.

“கிரில்ல சாத்துடி.”

“எதுக்கும்மா?”

“சாத்துன்னா சாத்து.”

சாத்தினேன். அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சேலையைச் சரிசெய்தார். நடைபாதையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, “இப்பத் தொற” என்றார்.

திறந்தேன். அம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. இரண்டு கையையும் அதில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்காத மனுஷி, அன்று குழாயை மூடவே இல்லை. நான் துடைப்பதை விட்டுவிட்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அந்தப் பயம் இல்லை.

“நீயும் ஒரு தடவ வெளிய போயிட்டு வாடி. நான் கதவு தொறக்கிறேன்” என்றார்.

ஆசையாகத்தான் சொன்னார். நான் அசையவில்லை.

“நான் போவ மாட்டேம்மா. காலையில வெளிய நின்னதே போதும்” என்று சொல்லிவிட்டு, மிச்சச் சாம்பலைத் துடைக்க ஆரம்பித்தேன்.