கயிற்றுக்கு வெளியே

சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, மாட்ச் நடக்கவிருந்த பார்க்குக்குள் ஒரு நீலக் கார் திரும்புவதைக் கணேசலிங்கம் கண்டார். அது அவருடைய மகளின் கார்.

கஜந்தினி இறங்கி, பின்கதவைத் திறந்து, நடுவர் சட்டையை எடுத்துத் தோளில் போட்டாள். தகப்பனைக் கண்டதும் நேரே அவரிடம் வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு வரவேண்டிய றெஃப்ரியின்ர கார் மோட்டர்வேயில நிண்டுட்டுதாம். என்னைப் போகச் சொல்லிச்சினம். என்ர அப்பா ஹெரன்ஸ் கிளப்பின்ர ஆள் எண்டு சொன்னனான். அவர் விளையாடேல்லைத்தானே, வேற ஆளும் இல்லை எண்டிட்டினம். ரெண்டு கோச்மாரிட்டயும் கேட்டாச்சு, அவைக்கும் ஓம்."

"சரி பிள்ளை."

"சரியில்லை அப்பா. நீங்கள் கத்தக்கூடாது. ஏலாதெண்டால் இப்பவே வீட்ட போங்கோ."

அவர் போகவில்லை. போயிருக்கலாம் என்று அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் பலதரம் நினைத்தார்.

கணேசலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. லண்டனில் வெம்பிளிப் பக்கம் பஸ் ஓட்டுகிறார், வீடு கிங்ஸ்பரியில். இருபது வருடங்களுக்கு மேலாக அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் றக்பி லீக். அகதியாக வந்து இறங்கியவரை வடக்கே வேக்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர், பழைய சுரங்கத் தொழிலாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கிழவரின் இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். விளையாட்டோ உடனே விளங்கிவிட்டது. பதின்மூன்று பேர். ஆறு தரம் பிடிபடலாம், ஆறாவதுக்குப் பிறகு பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகு, சனிக்கிழமைகளில் பார்க்கில் விளையாடும் பிரென்ட் ஹெரன்ஸ் என்ற சின்னக் கிளப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எங்கட ஆட்கள் கிரிக்கெட், ஃபுட்போல் என்று நிற்க, இவர் மட்டும் மழைக்குள் பிளாஸ்கோடு நிற்பார். பிறகு ரெய்னர்ஸ் லேனிலிருந்து றெஜினோல்ட் என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார்.

அந்த விளையாட்டைப் பற்றி அவரிடம் இரண்டு முடிவான அபிப்பிராயங்கள் இருந்தன. ஒன்று, ஹெரன்ஸ் தோற்பதெல்லாம் ஒழுங்கில்லாததால்தான். தேவையில்லாமல் கழுத்துக்கு மேலே பிடிக்கிறது, விசில் ஊதின பிறகு வாய் காட்டுகிறது. மற்றது, நடுவர்மார் எல்லாருக்கும் கண் தெரியாது. முதலாவதை வீட்டில் சொல்வார். இரண்டாவதை, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றடியில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். "கண்ணாடியைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறியோ, எடுத்துப் போடு!" என்று அவர் இங்கிலீஷில் ஒருநாள் கத்தியது எல்லாருக்கும் பிடித்துப்போய், ஹெரன்ஸ் ஆதரவாளர்கள் அதைத் தங்கள் வசனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

யூனிவர்சிட்டியில் விளையாடி முழங்காலை முறித்துக்கொண்ட கஜந்தினி, நடுவர் பயிற்சிக்குப் போனபோது அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அவள் ஒரு மாட்சுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. "நீங்கள் மற்ற றெஃப்ரிமாரைப் பேசுறதைக் கேட்டு வளந்தனான் அப்பா" என்று மட்டும் சொன்னாள். ஆக, இரண்டு வருடத்தில் அவள் விசில் ஊதி அவர் பார்த்தது இல்லை.

அன்றைக்கு எதிரணி கென்ட் பக்கமிருந்து வந்திருந்தது. முதல் பாதி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கணேசலிங்கம் பந்தைப் பார்க்கவேயில்லை. மகளின் கால்களைத்தான் பார்த்தார். அந்த முழங்கால் தாங்குமா, பின்னுக்கு ஓடும்போது விழுந்துவிடுவாளா, நூறு கிலோப் பெடியன்களுக்கு நடுவில் நசுங்கிவிடுவாளா. விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார் றெஜினோல்ட்.

"வேண்டாம், இறங்காது."

இரண்டாம் பாதியில் ஹெரன்ஸ் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஊன்றி ஒரு ட்ரை போட்டு, அதற்குக் கிடைத்த உதையையும் அடித்துப் பதினெட்டாக்கியது. எல்லாரும் துள்ளினார்கள். கணேசலிங்கம் துள்ளவில்லை. கடைசியாக எறிந்த பந்து முன்னுக்குப் போனதை அவர் கண்டார். றக்பியில் பந்தை முன்னுக்கு எறியக்கூடாது. அவர் நின்ற இடம் சரியாக அந்த எறிக்கு நேர். கஜந்தினிக்கு ஒரு பெரிய முதுகு மறைத்துவிட்டது. பிழை ஹெரன்ஸுக்குச் சாதகம் என்றபடியால் அவர் பக்கத்துக் கயிற்றடியில் ஒருவரும் நடுவருக்குக் கண் தெரியாது என்று கத்தவில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்கள் கத்தினார்கள்.

பிறகு கென்ட்காரர் ஒரு ட்ரை போட்டுப் பதினாறுக்கு வந்தார்கள். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஹெரன்ஸின் கப்டன் டேன், ஓடிவந்த ஒரு பெடியனைப் பிடிக்கப்போய்த் தாடையில் கையால் அடித்து விழுத்தினான். விசில். பெடியன் எழும்பவில்லை. டேன் அவளை நோக்கி இரண்டடி வந்து, அவளுடைய முகத்துக்கு நேரே குனிந்து ஏதோ சொன்னான். அவள் தலையை நிமிர்த்தி, சட்டைப் பைக்குள் கையை விட்டு மஞ்சள் அட்டையை எடுத்தாள். பத்து நிமிடம் வெளியே.

"கண்ணாடியைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறியோ!"

கத்தியது பக்கத்தில் நின்ற டெரி. பிளம்பர் வேலை, நல்ல மனுஷன், பன்னிரண்டு வருடப் பழக்கம். கத்திவிட்டு, வழக்கம்போலக் கணேசலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற நாலைந்து பேர் அதையே திருப்பிக் கத்தினார்கள். அதற்குப் பிறகு ஒருவன் கத்தியது விசிலைப் பற்றியதில்லை, பெண்ணைப் பற்றியது. றெஜினோல்ட் கணேசலிங்கத்தின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

பெனல்டியை உதைத்துக் கென்ட்காரர் சமன் செய்தார்கள். ஹெரன்ஸில் ஒரு ஆள் குறைய, கடைசி நிமிடத்தில் மூலைக்குள் ஒரு ட்ரை போட்டு இருபத்திரண்டுக்குப் பதினெட்டு என்று அவர்களே வென்றார்கள். கஜந்தினி கடைசி விசிலை ஊதிவிட்டு, உடை மாற்றும் அறைப்பக்கம் தனியாக நடந்தாள். டெரி கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போனார். இன்னும் இரண்டு பேர் பின்னால்.

கணேசலிங்கத்துக்குத் தான் ஓடியது நினைவில்லை. மூச்சு வாங்க டெரிக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

"நீயே சொல்லு லிங்கம்," என்றார் டெரி, "அதுக்குப் பத்து நிமிஷமா?"

"ஓம். பிடிச்ச பிடி பிழை. பிறகு வாய் காட்டினது அதைவிடப் பிழை. சிவப்புக் குடுக்காமல் விட்டதே பெரிசு." விரித்த கைகளை அவர் இறக்கவில்லை. "அவள் என்ர மகள், டெரி."

டெரியின் முகம் சிவந்துபோனது. "முதலே சொல்லியிருக்கலாமே. நாங்கள் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டம்."

"மற்றப் பிள்ளையளுக்கு எண்டால் சொல்லலாமோ?"

கேட்டபிறகுதான் அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்து என்பது அவருக்கு உறைத்தது. டெரி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பின்னால் வந்த இருவரும் மெல்லத் திரும்பிவிட்டார்கள்.

காருக்குள் கஜந்தினி, காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டத் தொடங்காமல் இருந்தாள். அவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா, ஒண்டு கேப்பன், எனக்காகப் பொய் சொல்லக்கூடாது. அந்த ட்ரை. பந்து முன்னுக்குப் போனதோ?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளை இன்றைக்குப் பட்டது போதும். ஆனால் அவள் கேட்டது தகப்பனிடமில்லை, இருபது வருடமாக இந்த விளையாட்டைப் பார்க்கிற ஒருவரிடம்.

"போனது. ஒரு மீட்டர் இருக்கும். உனக்கு மறைச்சிட்டுது. நீ இன்னும் ரெண்டடி இடப்பக்கம் நிண்டிருந்தால் கண்டிருப்பாய்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, மாட்ச் அறிக்கையில் அதையும் எழுதினாள். எழுதி முடிய, "இப்பதான் ஒழுங்காச் சொல்லியிருக்கிறியள்" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

டேனுக்கு இரண்டு மாட்ச் தடை விழுந்தது. பெண்ணைப் பற்றிக் கத்தினவனைக் கிளப் இனி வரவேண்டாம் என்றது. டெரி அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார், எழுத்துப் பிழைகளோடு இரண்டு பக்கம். கிளப்காரர் கணேசலிங்கத்திடம், கயிற்றடியில் சனத்தைக் கட்டுப்படுத்த மஞ்சள் அங்கி போட்டு நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் ஒரு கிழமை யோசித்து, வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார். இன்னும் சிலவேளை வாய் தன்பாட்டில் திறக்கும். றெஜினோல்ட் இருமிக் காட்டுவார்.

கஜந்தினி நடுவர் வேலையை விடவில்லை. அடுத்த சனிக்கிழமையே எசெக்ஸில் ஒரு மாட்சுக்குப் போனாள். ஹெரன்ஸுக்கு அன்று மாட்ச் இல்லை. வாங்கோ என்று அவள் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றரைக்கு முடியவேண்டிய ஆட்டம். நாலுக்கும் செய்தி இல்லை. நாலேகாலுக்கு அவர் சமையலறைக்கும் முன் ஜன்னலுக்கும் நடந்தார். அங்கே கயிற்றுக்கு வெளியே எத்தனை பேர், அதில் எவனுக்கு என்ன வாய் என்று எண்ணிக்கொண்டிருந்தார். நாலரைக்குப் போன் அதிர்ந்தது.

"முடிஞ்சுது அப்பா. ஒரு கார்டும் குடுக்கேல்லை. வாறன்."

அவர் கதிரையில் இருந்தார். இனி அவள் மோட்டர்வேயில் வரவேண்டும்.